பீட்டாவும் கடைமடைத் தண்ணீரும்

பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளிவிவரப் பகுப்பாய்வு செய்து கொடுப்பது என் வேலை. எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருள் தருகிற ரெக்ரஷன் அட்டவணை (எந்தக் காரணி விளைவை எவ்வளவு மாற்றுகிறது என்ற கணக்கு) கைக்கு வந்ததும் வருகிறவர்கள் கண் நேராக, தரப்படுத்திய கெழு இருக்கிற பீட்டா பத்திக்குத்தான் போகிறது, அதற்கு இடப்பக்கம் இருக்கிற தரப்படுத்தாத கெழுவை, அதாவது ஒரு காரணி ஓர் அலகு கூடினால் விளைவு எவ்வளவு மாறும் என்ற எண்ணை, யாரும் சீண்டுவதில்லை.

காரணம் புரிகிறது. உரம் கிலோவில், தண்ணீர் நாள் கணக்கில், வருமானம் ரூபாயில் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு மதிப்பிலும் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால், அதாவது தரப்படுத்தினால், எல்லா மாறிக்கும் சராசரி 0, திட்ட விலக்கம் 1, அலகும் போய்விடும். ஒத்த தரவுகளைக் குழுக்களாகப் பிரிக்கிற கே-மீன்ஸ் மாதிரி வேலைகளில் இதைச் செய்யாவிட்டால் ரூபாய்க் கணக்கு பெரிய எண் என்பதாலேயே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆனால் சாதாரண ரெக்ரஷனில் எல்லா மாறியையும் தரப்படுத்தினாலும் கெழுவை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகிற டி மதிப்போ, விளைவின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு விளங்குகிறது என்று காட்டுகிற ஆர் ஸ்கொயரோ மாறாது. ஒருபக்கம் சாய்ந்த தரவும் நிமிராது.

நெல் மகசூலை ஆய்வு செய்த ஒரு தம்பி, அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன ஊர்களில் ஒரு சாம்பிள், நாங்குநேரி பக்கம் குளத்துப் பாசன ஊர்களில் ஒரு சாம்பிள் எடுத்திருந்தார். தண்ணீருக்கான பீட்டா முதலாவதில் சின்னது, இரண்டாவதில் பெரியது. "அண்ணாச்சி, அம்பை பக்கம் தண்ணி அவ்வளவு முக்கியமில்லன்னு எழுதிரட்டுமா?" என்று கேட்டார்.

எழுதக்கூடாது. பீட்டா என்பது தரப்படுத்தாத கெழுவை அந்த மாறியின் திட்ட விலக்கத்தால் பெருக்கி, மகசூலின் திட்ட விலக்கத்தால் வகுத்த எண். கெழு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதாவது ஒரு நாள் கூடுதல் தண்ணீர் இரண்டு ஊர் வயலுக்கும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகிறது. அம்பையில் எல்லாருக்கும் சீராகத் தண்ணீர் கிடைப்பதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு, பீட்டாவும் சுருங்கிவிட்டது. பிசானப் பருவத்தில் பாபநாசம் அணையைத் திறக்காமல் விட்டால் அந்த வயல்களும்தான் காயும். இந்த ஆபத்தை நோய்ப்பரவல் ஆய்வாளர் சாண்டர் கிரீன்லேண்டும் அவரோடு எழுதியவர்களும் 1986-லேயே நோய்ப்பரவல் ஆய்வுகளை வைத்து எச்சரித்திருக்கிறார்கள், இன்னும் தீசிஸ்களில் அப்படியே தொடர்வது எனக்குத் தாங்கவில்லை.

யாருடைய சராசரி, யாருடைய விலக்கம் என்பதுதான் முதல் கேள்வி. குழந்தை வளர்ச்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோல் வெளியிலிருந்து வருவது, அதனால் வயதுக்கேற்ற உயரத்தில் −2 இசட் ஸ்கோர் (சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே) என்றால் ராதாபுரத்திலும் கடையத்திலும் ஒரே பொருள். நம் சாம்பிளிலேயே கணக்கிட்ட ஸ்கோருக்கு அந்த வசதி கிடையாது. ஆண் பெண் என்று 0, 1 போட்ட மாறியைத் தரப்படுத்துவது இன்னும் மோசம், ஒரு திட்ட விலக்க அளவு பெண் என்று யாரைச் சொல்வது?

சரி, அந்தத் தம்பி இரண்டு பத்தியையும் தீசிஸில் போட்டார், முடிவுகளை மட்டும் ஒரு நாள் தண்ணீருக்கு ஏக்கருக்கு எத்தனை கிலோ நெல் என்றே எழுதினார். கடைமடைச் சம்சாரி கேட்டாலும் அதை அப்படியே சொல்லலாம்.