பக்கத்து வீட்டில் அடித்த போன்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் ஒரு முக்காலி. அதன்மேல் அம்மா பூத்தையல் போட்ட துணி, துணிமேல் ரெலிபோன், பக்கத்தில் பழைய கலண்டர் மட்டையில் எழுதி வைத்த நம்பர்கள். ஆட்கள் வீடு மாறினாலும் நாடு மாறினாலும் மட்டை மாறாது. வெட்டி வெட்டி ஓரத்தில் எழுதியே இடம் முடிந்துபோய், இப்போது பின்பக்கமும் நிரம்பிவிட்டது.

அம்மாவுக்கு 83 வயது. வட்ஸ்அப் பழக்கிப் பார்த்தோம். விரல் நுனி காய்ந்த ஆட்களுக்கு அந்தக் கண்ணாடி மசியாது. நாலுதரம் தொட்டும் ஒன்றும் நடக்காது, ஐந்தாம் தரம் ஆரோ தெரியாத ஆளுக்கு வீடியோ கோல் போய்விடும். ஆகவே அம்மாவுக்குப் போன் என்றால் வீட்டுப் போன்தான். 021 222 என்று தொடங்கும் அந்த நம்பர் கனடாவில் இருக்கிற அக்காவுக்கும் மனப்பாடம்.

2021இல் எங்கள் ஒழுங்கைக்குப் பைபர் வந்தது, செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளி போகிற கண்ணாடி இழை லைன். இரண்டு பெடியன்கள் ஏணியோடு வந்து, மீன் நரம்பு மாதிரி ஒரு வயரை மதிலுக்கு மேலால் இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை அடித்தார்கள். "அன்ரி, நம்பர் மாறாது. இதே போனை இந்தப் பெட்டியிலை குத்தினால் சரி" என்றான் ஒருவன். பொய் சொல்லவில்லை. நம்பரும் மாறவில்லை, போனும் மாறவில்லை. போனுக்குக் கறண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பழைய செம்புக் கம்பி லைனுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஊர் லைன்களெல்லாம் போய்ச் சேருகிற ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெரிய பற்றரிகளை அடுக்கி வைத்து, இரண்டு கம்பிகளுக்கூடாக 48 வோல்ட் அளவில் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் கறண்ட் நின்றாலும் போன் நிற்காது. மணி அடிக்கிறபோது அதே கம்பியில் அதைவிடக் கூடிய வோல்டில் வேறொரு கறண்ட் வரும். இதை நான் படித்து அறியவில்லை. அப்பா இருந்த காலத்தில் ஒருநாள் லைன் கொறகொறத்துக்கொண்டிருந்தது. வயர்த் துண்டைப் பல்லால் சீவி முறுக்கிக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து ஆரோ அடித்தார்கள். முழங்கை வரைக்கும் விறுக்கென்று இழுத்தது. அப்பா உள்ளேயிருந்து, "போன் அடிச்சதே பிள்ளை?" என்று கேட்டார். ஓம் அப்பா, எனக்குத்தான் அடிச்சது.

செம்பைப் பெரிதாகப் புகழவும் வரவில்லை. மாரி தொடங்கினால் சந்தியிலுள்ள பெட்டிக்குள் ஈரம் இறங்கி, லைனில் வடை பொரிகிற சத்தம் கேட்கும். தென்னோலை விழுந்து கம்பி அறும். ஒருமுறை முசுறு கூடு கட்டி ஒரு கிழமை போனில்லை. முறைப்பாடு கொடுத்து, பிறகு முறைப்பாடு கொடுத்ததை முறைப்பாடு கொடுத்து ஆள் வரவைக்க வேண்டும். பைபரில் இதெல்லாம் இல்லை. கண்ணாடி இழைக்கு ஈரமும் தெரியாது, இடி மின்னலும் அதற்கூடாக வந்து ஒன்றையும் எரிக்காது.

ஆனால் கறண்ட் இல்லாவிட்டால் அந்த வெள்ளைப் பெட்டி வெறும் பெட்டி. ஒளியாக வருவதைப் போனுக்கு விளங்குகிற மாதிரி மாற்றுவதும், மணி அடிக்க வைப்பதும் அதுதான். எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையில் ஒரு துண்டைக் கழற்றி எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குரிய மின்சார பில்லையும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இது எனக்கு உறைத்தது 2022 பங்குனிக் கடைசியில். நாட்டில் டீசல் இல்லை, 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. முதலில் வெள்ளைப் பெட்டி அணைந்தது. சில மணித்தியாலத்தில் கைப்போனிலும் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது, கோபுரத்துப் பற்றரியும் இறங்குகிறது போல. விறாந்தையில் மேசை விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு இருந்தோம். அந்த இருட்டில், மதிலுக்கு அந்தப் பக்கம், மாமி வீட்டில் போன் அடித்தது. மாமி அப்போது பைபருக்கு மாறவில்லை. "உதெல்லாம் எனக்கெதுக்கு" என்று பெடியன்களைத் திருப்பி அனுப்பியவ.

அம்மா விசிறியை நிறுத்தினா. மணி ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு என்னைப் பார்த்து, "அவவின்ரை அடிக்குது. எங்கடை ஏன் அடிக்கேல்லை?" என்றா. நான் பைபர், ஒளி, பெட்டி என்று விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் மாத்தினனீ?" என்று முடித்துவிட்டா.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் கறண்டும் போய், போனும் போய், இரண்டும் வருடக்கணக்காக இல்லை. அக்கா 1992இல் வெளிக்கிட்டவள். அவள் ரொறன்ரோ போய்ச் சேர்ந்த செய்தியே கடிதத்தில்தான் வந்தது. பிறகு குடாநாடு ஆமியின் கைக்குப் போன காலத்தில் ரவுணில் கொமினிகேசன் கடைகள் வந்தன. கடைப் பெடியன் சைக்கிளில் வந்து, "கனடாக் கோல், நாலு மணிக்கு வரட்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவான். அம்மா மூன்று மணிக்கே சீலை மாற்றிக்கொண்டு போய் வாங்கில் இருப்பா. கோல் வராத நாட்களும் உண்டு. வீட்டுக்கு லைன் வந்தது சமாதான காலத்தில். (இப்போது நாட்டில் அம்புலன்ஸ் கூப்பிடுகிற இலவச நம்பரும் 1990தான். அதை மட்டையில் எழுதியபோது அம்மா, "நல்ல வருசத்தைத்தான் தேடிப் பிடிச்சிருக்கினம்" என்றா.)

அக்கா வீட்டில் இதே கதை வேறு உருவத்தில். ஸ்காபரோவில் அவளுக்குச் செம்பு லைனுமில்லை, பைபருமில்லை, கேபிள் போன். தொலைக்காட்சிக்கு வருகிற அதே தடித்த கேபிள் மோடத்துக்குள் போகும், மோடத்தின் பின்னால் போன் குத்துகிற ஓட்டை. ரீவி, இன்ரநெற், வீட்டுப் போன் எல்லாம் ஒரு பில், பழைய லைனைவிட மலிவு என்றுதான் மாறினாள். பேரப்பிள்ளைகள் வீடியோ பார்த்தாலும் அவள் குரல் உடையாது. வட்ஸ்அப் மாதிரிப் பொது இன்ரநெற்றோடு கலந்து போகாமல், கேபிள் கம்பனி தன் வலையமைப்பிலேயே பேச்சுக்கென்று முன்னுரிமைப் பாதை ஒதுக்கி வைத்திருக்கும். அவளுடைய முதல் மோடத்துக்குள் பற்றரி இருந்தது, கறண்ட் போனாலும் சில மணித்தியாலம் கதைக்கலாம். மாற்றிக் கொடுத்த மோடத்தில் அது இல்லை. வீடு மாறியபோது, அவசரத்துக்கு 911 அடித்தால் வர வேண்டிய விலாசத்தையும் புதிதாகப் பதியச் சொன்னார்களாம். செம்புக் கம்பி ஒரு வீட்டோடு கட்டிப்போட்டது. மோடத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், அதனால் பழைய விலாசமே பதிவில் கிடந்தால் ஆட்கள் பிழையான வீட்டுக்குப் போய் நிற்பார்கள்.

ஒரே பில் என்பதன் மற்றப் பக்கம் 2022 ஆடியில் தெரிந்தது. எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. அக்கா வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நேரம் பின்னேரம் ஆறரைக்கு எடுப்பாள். எடுக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கறண்ட் இருந்தது. நான் எடுத்தேன், போகவில்லை. அவளுடைய கைப்போன், மருமகனின் கைப்போன், வீட்டுப் போன், ஒன்றும் போகவில்லை. எல்லாம் ஒரே கம்பனி. அந்தக் கம்பனியின் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்து, கடைகளில் காட் கூட வேலை செய்யாத நாள் அது. எங்களுக்கு அது தெரியாது. அம்மா சாமியறைக்குள் போனா, வந்தா, மட்டையை எடுத்து ஒவ்வொரு நம்பராக எனக்கு வாசித்தா. கலவரம், குண்டு, வெள்ளம் என்று முப்பது வருடமாக அவர்கள்தான் எங்களைத் தேடியவர்கள். அன்றிரவு நாங்கள் கோண்டாவிலில் இருந்துகொண்டு கனடாவைத் தேடினோம்.

அடுத்தநாள் சனிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. அம்மா எடுத்து "பிள்ளை" என்று அழத் தொடங்க, அந்தப் பக்கம் அக்கா அதைவிடப் பெரிதாக அழுதாள். "அம்மா, உங்கை என்ன நடக்குது? கொழும்பிலை சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளை போட்டுதாம், நீங்கள் சுகமோ?" அவளுக்கு வலையமைப்பு திரும்பி, முதலில் கண்ணில் பட்ட செய்தி அதுதான்.

கறண்ட் நின்றால் பற்றரியில் பெட்டியை ஓட வைக்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று அதற்குப் பிறகுதான் வாங்கினேன். ரவுணில் கடைக்காரர் முதலில் கேட்டது, "றவுட்டருக்கோ, கமெராவுக்கோ?" போனுக்கு என்று சொன்னதும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பெட்டியின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். நான் பார்க்காமல் வாங்கி, ஒருமுறை போய் மாற்றினேன். எங்கள் வீட்டில் நாலு மணித்தியாலம் அளவில் தாங்குகிறது.

ஒன்றுக்கு மட்டும் மருந்தில்லை. பைபர் லைன் சரியான அமைதி. செம்பு லைனில் எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும், ஆள் பேசாவிட்டாலும் ஆள் இருப்பது தெரியும். இதில் அக்கா மூச்சு விட நிறுத்தினால் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி. அம்மா உடனே, "கட்டாச்சு" என்று வைத்துவிடுவா. இப்போது அக்கா இடைக்கிடை "ம்... ம்..." என்று சத்தம் கொடுத்துக்கொண்டே கதைக்கப் பழகிவிட்டாள். அப்பாவின் சுழற்றுகிற கறுப்புப் போனையும் பெட்டியில் குத்திப் பார்த்தேன். மணி அடித்தது, கதைக்கவும் முடிந்தது. ஆனால் சுழற்றினால் பெட்டிக்கு விளங்கவில்லை, பொத்தான் சத்தம்தான் அதற்குத் தெரியும். திரும்ப அலுமாரிக்குள் வைத்தாயிற்று.

போன கிழமை இரவு கறண்ட் போனது. நான் குசினிக்குள் நெருப்புப் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன், அம்மா சாய்மனைக் கதிரையில் நித்திரை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து மாமியின் குரல். அவவும் போன வருடம் பைபருக்கு மாறிவிட்டா, யூபிஎஸ் வாங்கவில்லை.

"எடியே, உங்கடை போன் எவ்வளவு நேரமா அடிக்குது. வீட்டிலை ஒருத்தருமில்லையே?"