‘சரி, கிளம்பட்டுமா?’

சித்தப்பா மறுபடியும் அதையே செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, சித்தியிடம் மூச்சு விடாமல், தானும் வேறெங்கோ போய்விட்டார். எட்டரைக்கு ஆப்பிளும் பூவுமாக வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது நைட்டியில் சித்தி. மோர்சாதம் முடிந்து, பாத்திரம் கழுவி, கேஸையும் மூடியாகிவிட்டது.

சித்தியின் கோபம் நியாயம்தான். ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு முன்னோடி உண்டு. செர்ஜ் சில்பர்மான் என்ற சினிமாத் தயாரிப்பாளர், பாரிஸில். விருந்துக்கு ஆட்களை அழைத்தவர், மனைவியிடம் சொல்ல மறந்தார்; அதே ராத்திரி வேறிடத்தில் சாப்பிட ஒப்புக்கொண்டிருந்ததையும் மறந்திருந்தார். பூங்கொத்தோடு வந்தவர்களை வீட்டு அங்கியில் எதிர்கொண்டார் அவர் மனைவி. சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும் நேரம். இதை சில்பர்மான் ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவலிடம் சொல்லப்போக, 1972-ல் ‘த டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் த பூர்ஷ்வாசி’ என்ற படம் வந்தது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் வந்தது. சித்தப்பாவால் இதுவரை வந்தது சண்டை மட்டும்.

படத்தில் ஆறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள், சாப்பாடுதான் நடப்பதில்லை. ஓட்டலுக்குப் போனால் பக்கத்து அறையில் முதலாளியின் பிணம். இன்னொரு நாள் நடுவிருந்தில் ராணுவம் வந்து இறங்குகிறது. டீக்கடையில் டீயும் இல்லை, காபியும் இல்லை. ஒரு வீட்டில் கோழி ரப்பர். திரை விலகினால் எதிரே முழு அரங்கம், இவர்கள் நிற்பது நாடக மேடை, யாருக்கும் வசனம் தெரியாது. அது ஒருவரின் கனவு. அந்தக் கனவு முடிந்து வரும் காட்சியும் இன்னொருவரின் கனவு.

இதில் கவனிக்க வேண்டியது, கனவு வருகிறது என்று புனுவல் தகவலே சொல்வதில்லை. திரை மங்காது, மூடுபனி கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. ரேஷன் கடை வரிசையைப் படம் பிடிப்பது போல கேமரா சாதாரணமாக நிற்கும். விபரீதம் முழுக்க நடப்பதில் இருக்கும், எடுத்த விதத்தில் துளியும் இருக்காது. எச்சரிக்கை இல்லாததால்தான் அடி பலமாக விழுகிறது.

சின்ன விஷயங்களில் ஆள் அநியாயத்துக்குத் துல்லியம். அதே படத்தில் டிரை மார்ட்டினி என்ற ஜின் கலவையைக் குடிப்பது பற்றி ஒரு வகுப்பே நடக்கும். டிரைவரைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். அவர் ஒரே மடக்கில் முடிக்க, அப்படிக் குடிக்கக் கூடாதாம். புனுவலின் சொந்தக் கைப்பக்குவம் இது: கிளாஸ், ஜின், ஷேக்கர் மூன்றும் முதல் நாளே ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். ஐஸ் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஐஸ்மேல் சில சொட்டு நுவாலி பிரா வெர்மூத் (மூலிகை ஒயின்), அரைச் சின்ன ஸ்பூன் அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாறு. குலுக்கி, திரவத்தைக் கொட்டிவிட வேண்டும். வாசனை ஏறிய ஐஸ்மேல் ஜின். மறுபடி குலுக்கிப் பரிமாற வேண்டியதுதான். கனவையும் இந்தக் கணக்கில்தான் எடுத்தார்.

வந்தவர்கள் கதைக்கு வருவோம். சித்தி ரவா உப்புமா கிண்டிப் போட்டு, ஒன்பதரைக்குள் சாப்பாடு முடிந்தது. “சரி, கிளம்பட்டுமா?” என்றார்கள். செருப்பு மாட்டினார்கள். வாசல்படியில் அரைமணி. கேட்டைப் பிடித்தபடி இன்னொரு அரைமணி.

இதற்கும் புனுவலிடம் படம் இருக்கிறது: 1962-ல் மெக்சிகோவில் எடுத்த ‘எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்’. விருந்து முடிந்தும் யாராலும் அறையை விட்டு வெளியே போக முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைப் பிளக்கிறார்கள், உள்ளே வந்த ஆட்டை அறைக்குள்ளேயே நெருப்பு மூட்டிச் சுடுகிறார்கள். காரணம் என்ன என்று படம் கடைசிவரை சொல்லாது. விருந்தினர் வீட்டுக்குள் நுழைவது இரண்டு தடவை வரும். ஒளிப்பதிவாளர் காப்ரியல் ஃபிகெரோவா பதறிப்போய், எடிட்டிங்கில் ஏதோ தப்பு என்று சொல்லியிருக்கிறார். தப்பில்லை, வேண்டுமென்றே செய்தது. வெளியேறும் வழியும் அந்தத் திரும்ப நடப்பதில்தான்: முதல் ராத்திரி உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அதே பேச்சைத் திரும்பப் பேசியதும் கால் நகர்கிறது. சித்தி வீட்டு வாசலில் இது பலிக்காது. பேசியதையே பேசித்தான் அங்கே ஒரு மணி நேரம் ஓடியது.

சென்சாரிடமும் இதே அடக்கம்தான். ‘விரிதியானா’ படத்தின் முடிவில், கன்னிகாஸ்திரீ ஆகவிருந்த நாயகி அத்தானின் அறைக்குள் போக, கதவு மூடுவதாக எழுதியிருந்தார். ஸ்பானிய சென்சார் கூடாது என்றது. சரி என்று, அத்தான், வேலைக்காரி, அவள் மூவரும் சீட்டாடுவதாக மாற்றினார். ஒருவருக்கொருவர் தொடவில்லை, ஆனால் பழையதைவிட விவகாரமான முடிவு அது. 1961-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது கிடைத்தது, வாத்திகன் பத்திரிகை காய்ச்சி எடுத்தது, விருதை வாங்கப் போன ஸ்பானிய சினிமாத் துறை அதிகாரிக்கு வேலை போனது.

இத்தனையும் இருக்க, குறும்பட விழாக்களில் ‘சர்ரியல்’, அதாவது கனவு மாதிரியான படம், என்று போட்டால் புகை மெஷின், நீல விளக்கு, சாய்ந்த கேமரா, கண்ணாடி முன் அழும் பெண். அப்புறம் மைக்கைப் பிடித்து அரைமணி விளக்கம். புனுவலும் ஓவியர் டாலியும் ‘அந்தலூசிய நாய்’ படத்தை எழுதும்போது வைத்த ஒரே விதி, விளக்கம் சொல்ல முடிகிற எந்தக் காட்சியும் உள்ளே வரக் கூடாது என்பது. 1929-ல் புனுவலின் அம்மா கொடுத்த காசில் எடுத்த படம்; அந்தக் காசில் பாதி கேளிக்கை விடுதிகளில் போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். சவரக்கத்தி அறுக்கும் அந்தக் கண், செத்த கன்றுக்குட்டியுடையது.