கோவேறு கழுதைக்குக் கட்டிய படிக்கட்டு

கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால், எதிர் ஜன்னலில் ஒரு பாட்டி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறார். நான் இறங்குகிறேன். வழியில் சந்திக்கவே மாட்டோம்.

இத்தாலியின் ஒர்வியேத்தோ. குன்றின் உச்சியில் ஊர். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தஞ்சம் புகுந்தது இங்கேதான். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று தோண்டச் சொன்ன கிணறு இது. 50 மீட்டருக்கு மேல் ஆழம்!

ஒன்றையொன்று தொடாமல் சுழன்று இறங்கும் இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படி. அந்தக் காலத்தில் தண்ணீர் சுமந்த கோவேறு கழுதை ஒன்றில் இறங்கி, அடியிலுள்ள சின்னப் பாலத்தைத் தாண்டி, மற்றதில் ஏறிவிடும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. படிகளும் அகலம், உயரம் குறைவு.

காலையெல்லாம் சந்து சந்தாக நடந்தேன். 1290இல் தொடங்கிய கதீட்ரலின் தங்க முகப்பு முன்னால்தான் கூட்டம் முழுக்க. அழகுதான், சந்தேகமில்லை.

ஆனால் என் ஓட்டு கிணற்றுக்குத்தான். கேட்டது போப் என்றாலும், கட்டிடக் கலைஞர் அந்தோனியோ தா சங்கல்லோ சுமக்கிற ஜீவனையும் யோசித்திருக்கிறார்.

அப்புறம் ஒன்று, அந்த ஜீவனுக்குச் சுகமான படி மனுஷ முழங்காலுக்கு அவ்வளவு சுகமில்லை.