பீரோ சாவியும் ஆறு நம்பரும்: எங்க ஸ்கூல்ல டூ ஸ்டெப் போட்ட கதை

வடசென்னைல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல நான் கம்ப்யூட்டர் மிஸ். பேருக்குத்தான் கம்ப்யூட்டர் மிஸ், ப்ளஸ் டூக்கு பைத்தான் நடத்துறது போக பிரின்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டா எடுத்து விடுறது, ஆனுவல் டே அன்னிக்கு மைக் வேலை செய்யலன்னா ஓடுறது, கரஸ்பாண்டன்ட் சாரோட பேத்திக்கு டேப்ல கேம் ஏத்திக் குடுக்குறது வரைக்கும் என் தலைலதான். அதனால ஸ்கூலோட கூகுள் அக்கவுன்ட்டுக்கெல்லாம் அட்மினும் நானேதான். டீச்சர்ஸ், ஆஃபீஸ் எல்லாம் சேத்து 68 பேர். இந்த 68 பேரையும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது பாஸ்வேர்டு போட்டதுக்கு அப்புறம் ஃபோனுக்கு வர்ற கோடு மாதிரி ரெண்டாவதா ஒண்ணும் கேக்குற பூட்டுக்கு, மாத்த கிட்டத்தட்ட மூணு மாசம் ஆச்சு, அதுல செட்டிங் மாத்துன நேரம் அரை மணி கூட இருக்காது. மிச்ச நேரம் எங்க போச்சுன்னுதான் எழுதுறேன், வேற ஸ்கூல்ல என்ன மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கறவங்க யாருக்காவது உதவும்.

ஆரம்பிச்சது ஒரு ஃபீஸ் மெயில்ல. ஜனவரி மாசம், மூணாவது டெர்ம் ஃபீஸ் கட்டுற சமயம், ஆஃபீஸ் மெயில் ஐடிலேர்ந்து பேரன்ட்ஸுக்கு ஒரு மெயில் போயிருக்கு, ஸ்கூல் பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு இனிமே இந்த நம்பர்ல கட்டுங்கன்னு. ஸ்கூல் லோகோ, கீழ அட்ரஸ், ஆஃபீஸ் அக்கா வழக்கமா கடைசில போடுற வரி வரைக்கும் அச்சு அசல் அப்படியே. எட்டாவது படிக்கிற ஒரு பையனோட அப்பா பணம் போடப் போனப்போ அக்கவுன்ட் பேர்ல ஸ்கூல் பேர் வராம யாரோ ஒரு தனி ஆள் பேர் வரவே சந்தேகப்பட்டு ஃபோன் பண்ணாரு. நல்லவேளை யாரும் அதுவரைக்கும் கட்டல.

உள்ள போய் பாத்தா எனக்கு தலையே சுத்திடுச்சு. ஃபீஸ்னு வார்த்தை இருக்கற எந்த மெயில் வந்தாலும் நேரா ட்ராஷுக்குப் போற மாதிரி உள்ள நுழைஞ்ச எவனோ ஒரு ஃபில்டர் போட்டு வச்சிருக்கான். அதாவது எந்த பேரன்ட்டாவது இது நெஜமான்னு ரிப்ளை பண்ணி கேட்டா ஆஃபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் படாது. இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, பாஸ்வேர்டு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சா தப்பு, அவன் போட்ட ஃபில்டர், ஃபார்வர்டிங் எதுவும் தானா போகாது, உக்காந்து ஒவ்வொண்ணா பாத்து எடுக்கணும், எல்லா டிவைஸ்லேர்ந்தும் சைன் அவுட் பண்ணணும்.

எப்படி நுழைஞ்சான்னா, மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சு இங்க லாகின் பண்ணுங்கன்னு வந்த ஒரு லிங்க்ல யாரோ பாஸ்வேர்டு போட்டிருக்காங்க. யாருன்னு கேட்டா தெரியல. ஏன்னா அந்த ஒரே ஐடியை அஞ்சு பேர் யூஸ் பண்றாங்க, பாஸ்வேர்டு மானிட்டருக்குக் கீழ ஒரு மஞ்ச சீட்டுல ஒட்டியிருக்கு. பழைய வீடுங்கள்ல பீரோ சாவி ஆணில தொங்கும் இல்லயா, யாருக்கு வேணுமோ எடுத்துத் திறந்துட்டு திரும்ப மாட்டிட்டுப் போவாங்க, எங்க ஸ்கூல்ல பாஸ்வேர்டுன்னா அதான். பிரின்சிபால் மேம் பாஸ்வேர்டு கிளார்க்குக்குத் தெரியும், எக்ஸாம் இன்சார்ஜ் பாஸ்வேர்டு பாதி ஸ்டாஃப் ரூமுக்குத் தெரியும். இதை யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, ஒருத்தர் லீவுன்னா இன்னொருத்தர் வேலையை முடிச்சுக் குடுக்கணுமே, அவ்ளோதான். ஆனா டூ ஸ்டெப் போடலாம்னு உக்காந்தா மொத ஸ்க்ரீன்லயே கேக்குது, கோடு எந்த ஃபோனுக்கு அனுப்பணும்னு. அஞ்சு பேர் ஐடிக்கு எந்த ஃபோன்னு சொல்றது?

ஏற்கனவே ரெகவரிக்குன்னு, அதாவது பாஸ்வேர்டு மறந்தா அக்கவுன்ட்டை மீட்கறதுக்கு, ஒரு நம்பர் அதுல இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டுப் போன கிளார்க்கோட நம்பர். கூப்ட்டா ஒரு ஆட்டோக்கார அண்ணன் எடுக்கறாரு, "யாருமா நீ, கூகுள்லேந்து நம்பர் நம்பரா வந்துனே கீது, நானும் யாரோ வெளாட்றாங்கன்னு அழிச்சுனே இருக்கேன்". நம்ம நாட்டுல ஒரு நம்பர் டிஸ்கனெக்ட் ஆனா 90 நாளைக்கு அப்புறம் வேற ஆளுக்குக் குடுக்கலாம், அதுதான் ரூல். அண்ணன் நல்ல மனுஷன், அழிச்சுட்டாரு. வேற யாராவதா இருந்திருந்தா எங்க ஆஃபீஸ் மெயிலைத் திறக்கற சாவி சட்டைப் பையிலயே கெடந்திருக்கும். அன்னிக்கே முடிவு பண்ணேன், ஆஃபீஸ், அக்கவுன்ட்ஸ், அட்மின் இவங்க யாருக்கும் எஸ்எம்எஸ் கோடு கிடையாது, ஆத்தென்டிகேட்டர் ஆப் மட்டும்தான், ஃபோன்லயே ஆறு நம்பர் கோடு காட்டுற ஆப் அது. டீச்சர்ஸுக்கு ஆப் இல்லன்னா எஸ்எம்எஸ்ஸும் இருக்கட்டும், ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

கரஸ்பாண்டன்ட் சாரை ஒத்துக்க வைக்கறது கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன், நம்ம ஸ்கூல்ல என்னம்மா இருக்கு திருடறதுக்குன்னாரு. பிள்ளைங்க பேர், அப்பா அம்மா ஃபோன் நம்பர், ஆதார் காப்பி, கம்யூனிட்டி சர்டிஃபிகேட், மெடிக்கல் விவரம் எல்லாம் டிரைவ்ல கெடக்குன்னு சொல்லிட்டு பவர்ஸ்கூல் விஷயத்தைச் சொன்னேன். அமெரிக்கா, கனடால நெறைய ஸ்கூலுங்க யூஸ் பண்ற சாஃப்ட்வேர் அது, 2024 டிசம்பர்ல திருட்டு லாகின் ஒண்ண வச்சு அவங்க சப்போர்ட் போர்ட்டல் வழியா உள்ள நுழைஞ்சு கோடிக்கணக்கான பசங்களோட ரெக்கார்டை அள்ளிட்டாங்க, அதுக்காக குத்தத்த ஒத்துக்கிட்டது ஒரு 19 வயசு காலேஜ் பையன். கம்பெனி பணமும் குடுத்துச்சு, அப்புறமும் ஸ்கூல்களுக்கு மிரட்டல் வந்துச்சு. சார் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "செலவு எவ்ளோ?"ன்னாரு. செலவு இல்ல சார்னு சொன்னதும் உடனே சரின்னுட்டாரு.

மொதல்ல ஆஃபீஸ் ஐடியைப் பிரிச்சேன். அஞ்சு பேருக்கும் தனித்தனி அக்கவுன்ட், ஆஃபீஸ் மெயிலை டெலிகேட் பண்ணி விட்டாச்சு, அதாவது அவங்கவங்க சொந்த லாகின்ல போய் ஆஃபீஸ் மெயிலைப் பாக்கலாம் பதில் போடலாம், பொது பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவேண்டிய அவசியமே இல்ல. மஞ்ச சீட்டை நானே கிழிச்சேன். ஆஃபீஸ் அக்கா ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசல, நம்மள நம்பலயான்னு நெனச்சிருப்பாங்க போல.

அடுத்தது ஒரு சனிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்ல டிரெய்னிங். ஏடிஎம் உதாரணம்தான் சொன்னேன், கார்டு உங்க கையில பின் உங்க மண்டையில, ஒண்ண மட்டும் திருடினா பணம் வராது. நமக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல, 2009லயே ரிசர்வ் பேங்க் ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு ரெண்டாவது பூட்டு கட்டாயம்னு சொல்லிடுச்சு. எல்லாம் தலையாட்டுனாங்க. சரி இப்போ உங்க ஃபோனுக்கு ஒரு கோடு வரும்னு நான் சொன்னேனோ இல்லயோ பிடி சார் எழுந்து நின்னாரு. "மிஸ், போன மாசம் அசெம்ப்ளில நீங்கதான சொன்னீங்க, ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு, இப்போ நீங்களே கேக்குறீங்க?" ஹால் முழுக்க சிரிப்பு. ஆனா அவர் கேட்டது நூத்துக்கு நூறு சரி. என்கிட்ட சொல்லவேண்டாம் சார், நீங்களே உங்க ஃபோன பாத்து நீங்களே டைப் பண்ணுங்க, நானே நாளைக்கு ஃபோன் பண்ணி கேட்டாலும் சொல்லாதீங்கன்னேன். பின்னாடிலேர்ந்து ஒரு பிரைமரி மிஸ், இதுல பேங்க் பணம் போயிடாதேன்னு மூணு தடவை கேட்டாங்க. அவங்க அண்ணனுக்கு நெஜமாவே போயிருக்காம்.

ஆப்ல இன்னொரு கூத்து. மேக்ஸ் மிஸ் ஒருத்தங்களுக்கு மட்டும் எத்தன தடவ போட்டாலும் கோடு தப்புன்னே வருது. அழிச்சு க்யூஆர் கோடை திரும்ப ஸ்கேன் பண்ணோம், ஆப்பை எடுத்துட்டு திரும்பப் போட்டோம், ம்ஹூம். முக்கால் மணி நேரம் கழிச்சு எதேச்சையா அவங்க ஃபோன்ல மணியப் பாக்கறேன், 4.25. சுவத்துக் கடிகாரத்துல 4.15. கேட்டா, அம்பத்தூர்லேர்ந்து பெரம்பூருக்கு காலைல ட்ரெயின் மிஸ் ஆகக்கூடாதுன்னு வருஷக்கணக்கா பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருக்காங்களாம்! அந்த ஆறு நம்பரு எங்கேர்ந்தும் வர்றதில்ல, ஸ்கேன் பண்றப்போ ஃபோனுக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு ரகசிய எண் பகிர்ந்துக்கிட்டாச்சு, அப்புறம் ரெண்டும் அவங்கவங்க கடிகாரத்தைப் பாத்து 30 செகண்டுக்கு ஒருதரம் அதே கணக்கப் போடுது, விடை ஒண்ணா இருந்தா கதவு திறக்கும். அதனாலதான் நெட், சிக்னல் எதுவும் இல்லாமயே ஆப் வேலை செய்யும், அதனாலதான் கடிகாரம் தப்புன்னா எல்லாம் தப்பு. டைமை ஆட்டோமேட்டிக்ல போட்டதும் மொத தடவையே எடுத்துக்கிச்சு. "கணக்கு டீச்சருக்கே கணக்கு சொல்லித்தர்றீங்க"ன்னாங்க. மறுநாள் அவங்க ட்ரெயின விட்டுட்டாங்க, அதுக்கும் என்னத்தான் திட்டுனாங்க.

கட்டாயமாக்குற தேதியை நான் ஒரு திங்கக்கிழமைக்கு வச்சது பெரிய முட்டாள்தனம். ரெண்டு வாரம் டைம் குடுத்து, ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல தினம் ஞாபகப்படுத்தி, எல்லாரும் கட்டைவிரல் தூக்கிக் காட்டி, கடைசில 11 பேர் பண்ணவே இல்ல. திங்கக்கிழமை காலைல ரிவிஷன் எக்ஸாம் மார்க் என்ட்ரி, 11 பேரும் வெளில நிக்கறாங்க, லேப் வாசல்ல ரேஷன் கடை மாதிரி க்யூ. இதுக்குன்னு முன்னாடியே ஒரு விலக்கு குரூப் செஞ்சு வச்சுக்கணும், மாட்டிக்கிட்டவங்கள அதுல போட்டா கட்டாயம் தற்காலிகமா எடுபடும், உள்ள வந்து செட் பண்ணதும் குரூப்லேர்ந்து எடுத்துடலாம். நான் அதை அன்னிக்கு காலைல 9 மணிக்கு படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க வைக்கறதா இருந்தா புதன் இல்ல வியாழன் வைங்க, எக்ஸாம் இல்லாத வாரமா பாருங்க. அட்மின் ரெண்டு பேரா இருக்கணும், என் ஃபோன் தொலைஞ்சா மொத்த ஸ்கூலும் பூட்டிக்கும், அதனால பிரின்சிபால் மேமும் இப்போ அட்மின், ஃபோன் இல்லாதப்போ உள்ள போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கற என்னோட பேக்கப் கோடு கவர்ல ஒட்டி கரஸ்பாண்டன்ட் சார் லாக்கர்ல இருக்கு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது போன நவம்பர்ல நடந்த ஒரு விஷயம். மழை சமயத்துல கலெக்டர் எப்போ லீவு சொல்வாருன்னு பசங்க ஏங்கிக்கிட்டு இருப்பாங்க இல்லயா, ஒன்பதாவது பி கிளாஸ்ல சோஷியல் மிஸ் ஸ்மார்ட் போர்டுல லாகின் பண்ணிட்டு அப்படியே போயிட்டாங்க, ஒரு பையன் போய் அவங்க பேர்ல கூகுள் கிளாஸ்ரூம்ல நாளைக்கு மழை லீவுன்னு போட்டு விட்டான். மறுநாள் பாதி கிளாஸ் வரல. வெயில் அடிச்சுது. இதுக்கு டூ ஸ்டெப் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது, கதவைத் திறந்து வச்சுட்டுப் போனா எத்தன பூட்டு இருந்தா என்ன. அதோட எங்க ரூல்படி டீச்சர்ஸ் கிளாஸுக்கு ஃபோன் எடுத்துட்டுப் போகக்கூடாது, அப்போ அங்க கோடு கேட்டா எங்க பாக்கறது? அதனால கிளாஸ்ரூம் போர்டுக்கெல்லாம் தனி அக்கவுன்ட் செஞ்சேன், மெயில் கிடையாது, பாடம் இருக்கற ஃபோல்டர பாக்க மட்டும் முடியும். அதுக்கு டூ ஸ்டெப் இல்லதான், ஆனா அதுல திருட ஏதும் இல்ல. பசங்க அக்கவுன்ட்டுக்கும் டூ ஸ்டெப் போடல, ஃபோனே கொண்டுவரக்கூடாதவங்ககிட்ட எதைக் கேக்கறது, அவங்களுக்கு நாலு வார்த்தை சேத்த நீள பாஸ்வேர்டு, வெளி ஆளுங்களுக்கு மெயில் போகாது வராது, அவ்ளோதான் இப்போதைக்கு.

அக்கவுன்ட்ஸ் அக்கா, பிரின்சிபால் மேம், நான், மூணு பேருக்கு மட்டும் யூஎஸ்பில சொருகுற செக்யூரிட்டி கீ வாங்கினோம். ஆப் கோடுலயும் ஒரு ஓட்டை இருக்கு, போலி லாகின் பேஜ்ல நீங்க கோடு போட்டா அவன் அதே நொடி அசல் பேஜ்ல போட்டு உள்ள போயிடுவான். கீ அப்படி ஏமாறாது, அட்ரஸ் அசல் இல்லன்னா அது பதிலே சொல்லாது. செலவு இல்லன்னு சொன்னியேம்மான்னு சார் ஞாபகமா கேட்டாரு. அந்த ஃபீஸ் மெயிலோட பிரின்ட் அவுட்டை டேபிள் மேல வச்சேன், கையெழுத்து போட்டாரு. அக்கா அந்த கீயை வீட்டுச் சாவிக் கொத்துலயே முருகர் டாலர் பக்கத்துல கோத்துக்கிட்டாங்க.

கடைசியா தமிழ் ஐயா. அவர்கிட்ட பட்டன் ஃபோன்தான், லேப் இருக்கற கீழ் தளத்துல சிக்னலும் வராது, எஸ்எம்எஸ்ஸுக்கு மாடி ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்காது. அதனால அவருக்கு பேக்கப் கோடு பிரின்ட் எடுத்துக் குடுத்தேன், எட்டு எட்டு இலக்கமா பத்து கோடு, ஒண்ண ஒருதரம்தான் யூஸ் பண்ண முடியும். பேப்பரை மேஜைல விட்டுடாதீங்க ஐயான்னு சொன்னேன். அடுத்த வாரம் பாக்கறேன், கோடெல்லாம் அவரோட குறிப்பேட்டுக் கடைசிப் பக்கத்துல தமிழ் எண்கள்ல இருக்கு, ௪௭௧௦ன்னு வரிசையா, நான் குடுத்த பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டாராம். "இந்த ஸ்டாஃப் ரூம்ல இதைப் படிக்க என்னை விட்டா ஆள் இல்லம்மா"ன்னாரு. பாதுகாப்பு நிபுணருங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, எனக்கு மறுத்துப் பேச வாய் வரல.

நேத்து மத்தியானம் லேப்புக்கு வந்தாரு. பத்தும் தீந்துபோச்சும்மா, அடுத்த பத்து குடுன்னாரு. பிரின்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, எடுத்து விட்டுட்டு குடுத்தேன்.