ஷூமனின் ஆண்டாண்டே கான்டாபிலே: கிளாரினெட், பியானோவுக்கு மாற்றியதில் இதுவரை

எடுத்துக்கொண்டது ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1842-இல் எழுதிய பியானோ குவார்ட்டெட் (பியானோ, வயலின், வயோலா, செல்லோ நான்குக்குமான படைப்பு), ஓபஸ் 47-இன் மூன்றாம் பகுதியான ஆண்டாண்டே கான்டாபிலே. வயலின், வயோலா, செல்லோ மூன்றும் பாடுவதில் எது கிளாரினெட்டுக்கு, எது பியானோவுக்கு என்று பிரிப்பதுதான் முழு வேலையும். கடைசி பார் (தாளக் கட்டம்) வரை முதல் வரைவு முடிந்துவிட்டது.

தாளில் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் பி ஃப்ளாட் கிளாரினெட்தான் இதற்குச் சரி. பகுதி பி ஃப்ளாட் மேஜர் என்பதால் வாசிப்பவர் தாளில் சி மேஜர் வரும். நடுவே வரும் ஜி ஃப்ளாட் மேஜர் அவருக்கு ஏ ஃப்ளாட் மேஜர். மூன்று அரைச்சுரம் கீழே ஒலிக்கும் ஏ கிளாரினெட் என்றால் தொடக்கத்திலேயே ஐந்து ஃப்ளாட்.

தொடக்கத்தில் செல்லோ பாடும் மெட்டை அதே உயரத்தில் கிளாரினெட்டுக்குக் கொடுத்தாயிற்று. மெட்டின் அழகே அந்த ஏழாம் இடைவெளித் தாவல்கள்தான். தாவி ஏறும் ஸ்வரம் தாளில் ஜி முதல் பி ஃப்ளாட் வரையுள்ள தொண்டை ஸ்வரங்களில் (கருவியின் கீழ்த் துளைகள் திறந்திருக்க எழும், இயல்பிலேயே மெலிந்த ஸ்வரங்கள்) விழுந்தால் ஒலி மெலிந்துவிடும். ஏ, பி ஃப்ளாட் வாசிக்கும்போது வலக்கையின் இரண்டு விரல்களால் துளைகளை மூடினால் ஒலி கனக்கும், சுருதியும் நிற்கும். எந்த விரல் என்பது கருவிக்குக் கருவி மாறும். அடுத்து வயலின் மெட்டை வாங்கும்போது கிளாரினெட் மேலே போகிறது. செல்லோவின் பதில்கள் பியானோவின் இடக்கைக்கு.

மெட்டு திரும்பும்போது அதை வயோலா பாட, வயலின் பதினாறாம் ஸ்வரங்களால் அலங்கரிக்கிறது. அலங்காரத்தைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தால் கேட்க இனிமைதான். ஆனால் பியானோவின் நடுவில் மெட்டு கார்டுகளோடு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கலந்து மறைந்துபோகிறது. அதனால் மெட்டு கிளாரினெட்டிலேயே. அலங்காரம் பியானோவின் வலக்கையில், கார்டுகளைக் குறைத்து.

முடிவில்தான் சிக்கல். செல்லோ தன் சி கம்பியைப் பி ஃப்ளாட்டுக்கு இறக்கி, அந்த ஸ்வரத்தை ஆக்டேவாக (ஒரே ஸ்வரம் கீழும் மேலுமாக இரண்டு உயரங்களில்) நீட்டிப் பிடிக்கிறது. அதன் மேலே குவார்ட்டெட்டின் கடைசிப் பகுதியின் மூன்று ஸ்வரங்கள் முன்கூட்டியே எட்டிப்பார்க்கின்றன. ஆக்டேவின் மேல் ஸ்வரம்கூடக் கிளாரினெட்டின் அடி எல்லைக்கு நான்கு அரைச்சுரம் கீழே. ஆகவே பியானோ ஆக்டேவை மெதுவாக அடித்து, அப்போது அழுத்தியிருக்கும் ஸ்வரங்களை மட்டும் நீட்டும் கிராண்ட் பியானோவின் நடு பெடலால் பிடிக்க வேண்டும். வலது பெடலை முழுதாக விட்ட பிறகே நடு பெடலை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கம்பிகளும் திறந்தபடியே மாட்டிக்கொண்டு ஹார்மனி குழம்பும். அப்ரைட் பியானோவில் நடு பெடல் பெரும்பாலும் ஒலியைக் குறைப்பதற்குத்தான். அதற்கென இரண்டு பாருக்கு ஒருமுறை ஆக்டேவைத் திரும்ப அடிக்கும் மாற்று வரியைச் சிறிய எழுத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூச்சுக் குறிகளும் இன்னும் பாக்கி.