கொன்றையைக் காணவில்லை

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றி மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினோம். மரங்களைக் கணக்கெடுக்க ஆறு மாதம் பிடித்தது. எழுதியதை ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோகக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் பிடித்தது. மரங்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் எழுதிவிட்டோம். இங்கே எழுதப்போவது அந்த நான்கு மாதக் கதை.

ஐயா ஏற்காட்டில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். வேர்டில்தான் எழுதுவார், தமிழ் என்றால் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பார். புள்ளியியல் பகுதியைப் பார்த்துக்கொண்ட நண்பர் சேலத்தையடுத்த கருப்பூர்ப் பக்கம் குடியிருக்கிறார். அவருக்கு லாடெக் தவிர வேறெதிலும் கை ஓடாது; கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் கட்டுரையை அச்சுக்கு அடுக்கித் தரும் மென்பொருள் அது. லாடெக் என்று நான் முதலில் சொன்னபோது, "ரப்பர்ப் பாலுக்கும் நம் கட்டுரைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று ஐயா கேட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றுதான், ஆனால் இதில் கடைசி எழுத்தைக் கிரேக்க எழுத்தாகக் கொண்டு 'டெக்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அவர் கடைசிவரை ரப்பர்ப் பால் என்றே சொல்லிவந்தார். நான் சேலம் அஸ்தம்பட்டியில், இருவருக்கும் நடுவே தபால்காரன்.

முதல் அடி பாமினியிடமிருந்து வந்தது. கட்டுரை ஆங்கிலத்தில்தான். ஆனால் மரங்களின் உள்ளூர்ப் பெயர்கள் தமிழில் ஓர் அட்டவணையாக இருந்தன. ஐயாவின் திரையில் 'கொன்றை' என்று அழகாகத் தெரிவது உண்மையில் கோப்புக்குள் என், எஃப், எச், டி, அரைப்புள்ளி, ஐ, டபிள்யூ என்ற ஆங்கில விசைகளின் வரிசை. அந்த எழுத்துக்களுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவது எழுத்துரு. வேர்டிலிருந்து லாடெக்குக்கு மாற்றியதும் எழுத்துருத் தகவல் உதிர்ந்துவிட, நண்பருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. "சார், இது என்ன கடவுச்சொல்லா?" என்று கேட்டார்.

சரி, முதலில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுவோம் என்று முழுக் கோப்பையும் இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றி நிரலில் ஒட்டினேன். தமிழ் தமிழாக வந்தது, கூடவே ஆங்கிலமும் தமிழாகிவிட்டது. மண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ளழடை' என்று வந்து நின்றது. எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது; அது எழுத்துருவைப் பார்ப்பதில்லை. ஆகவே அட்டவணையின் தமிழ்ப் பத்தியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, மாற்றி, திரும்ப ஒட்டினேன். விட்டுப்போன சில வரிகளை நானே தமிழ்99 விசைப்பலகையில் அடித்துச் சேர்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து நண்பர் கூப்பிட்டார். "மொத்தம் 32 வகை மரம் சார்."

கள ஏட்டில் 31தான். மூன்று நாள் தேடினோம். ஐயா தன் பழைய நோட்டுகளையெல்லாம் புரட்டினார். கடைசியில் பிடிபட்டது கொன்றை. நான் அடித்த கொன்றையில் 'ொ' ஒரே குறியீடு. மாற்றி நிரல் தந்த கொன்றையில் ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி, ஆக இரண்டு குறியீடுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நண்பரின் நிரலுக்கு அவை இரண்டு மரங்கள். எழுத்துக் கூட்டித் தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. யூனிகோடு இவை இரண்டையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர இயல்பாக்கம் என்ற முறையும் உண்டு. நண்பர் நிரலில் ஒரு வரி சேர்த்தார், 32 மறுபடியும் 31 ஆயிற்று. தமிழ்ப் பெயர்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த ஒரு வரியை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. நாங்கள் ஒரு புதிய மரத்தையே கண்டுபிடித்திருப்போம்.

இதற்கிடையே நண்பரின் பக்கமும் தமிழ் அச்சாகவில்லை. வழக்கமான பி.டி.எஃப். லாடெக் தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நின்றது. யூனிகோடு தெரிந்த லாடெக் வகையான ஸீலாடெக்குக்கு மாறி, ஒரு யூனிகோடு எழுத்துருவைச் சுட்டியதும் சரியானது. அது பத்து நிமிட வேலை.

இரண்டாவது அடிதான் பெரியது, அதில் குற்றம் முழுக்க என்னுடையது. வேர்டுக்கும் லாடெக்குக்கும் இடையே போய்வர பேண்டாக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2006இல் ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதத் தொடங்கியது. நல்ல மென்பொருள், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஐயா வரைவைப் படித்து, வேர்டில் திருத்தத் தடங்களோடும் (எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்று காட்டும் அடையாளங்கள்) ஓரக் குறிப்புகளோடும் அனுப்பியிருந்தார். நாற்பதுக்கு மேல் குறிப்புகள். நான் ஒரே கட்டளையில் லாடெக்காக மாற்றி நண்பருக்கு அனுப்பிவிட்டேன். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பேண்டாக் திருத்தங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டுவிடும், ஓரக் குறிப்புகளையெல்லாம் ஓசையில்லாமல் விட்டுவிடும். இது எனக்குத் தெரியாது. 'இப்படி மாற்றலாமா?' என்று ஐயா யோசனையாக எழுதிய வரிகள் முடிவான வரிகளாகிவிட்டன. 'இது தவறு, கள ஏட்டைப் பார்க்கவும்' என்று அவர் எழுதியவை காணாமல் போயின.

அடுத்த வரைவு ஐயாவுக்குப் போனது. நான்கு நாள் பதில் இல்லை. பிறகு தொலைபேசி. "தம்பி, நான் சொன்னதில் ஒன்றுக்குக்கூட பதில் இல்லை. படிக்கவில்லையா, இல்லை வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?"

மென்பொருள் விழுங்கிவிட்டது என்று போனில் சொன்னால் யார் நம்புவார்? அச்சடித்த பிரதியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், திருத்தங்களை எல்லாம் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு சின்னத் தெரிவை அந்தக் கட்டளையில் சேர்க்காமல் விட்டதை நினைத்துக்கொண்டே போனேன். ஐயா திண்ணையில் உட்கார்ந்து காப்பி கொடுத்தார். பிரதியை வாங்கி, சிவப்புப் பேனாவால் நாற்பது குறிப்புகளையும் மறுபடி எழுதினார். ஒன்றரை மணி நேரம். திரையில் எழுதியதைவிட இம்முறை கோபம் குறைவாக இருந்தது.

அங்கேயே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மூலக்கோப்பு ஒன்றுதான், அது லாடெக்கில், நண்பரிடம். ஐயாவுக்கு வரி எண் போட்ட பி.டி.எஃப். போகும். அவர் அச்சடித்து, சிவப்புப் பேனாவால் எழுதி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். நான் அவற்றைப் பார்த்து மூலத்தில் ஏற்றுவேன். யாரும் எந்தக் கோப்பையும் வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியதில்லை. கேட்பதற்குக் கட்டை வண்டி முறை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு குறிப்புகூடத் தொலையவில்லை. வேர்டிலிருந்து லாடெக், லாடெக்கிலிருந்து வேர்டு என்று ஒவ்வொரு சுற்றிலும் போய்வருவது, பாலை மாற்றி மாற்றி ஆற்றுவது போல. ஒவ்வொரு ஆற்றலிலும் கொஞ்சம் தரையில் சிந்தும்.

இதழ்க்காரர்கள் கடைசியில் வேர்டு கோப்புதான் கேட்டார்கள். அதுவும் நல்லதுதான், ஒரே ஒரு முறை, ஒரே திசையில் மாற்றினால் போதும். சமன்பாடுகள் வேர்டின் சொந்தச் சமன்பாடுகளாகவே வந்தன. அவற்றின் எண்கள் மட்டும் வரவில்லை, கையால் போட்டேன். பி.டி.எஃப். வடிவில் இருந்த வரைபடங்களை வேர்டு காட்டாது என்பதால் முன்கூட்டியே பி.என்.ஜி. படங்களாக்கி வைத்தேன். நூற்பட்டியல் இதழின் பாணியிலேயே அமைந்தது. ஐயாவின் பழைய மரப் படங்கள் அவருடைய வேர்டு கோப்பு ஒன்றுக்குள் மட்டுமே இருந்தன. அந்தக் கோப்பு வகை உள்ளே ஒரு ஜிப் மூட்டைதான். பெயரின் வால் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் படங்கள் ஒரு தனி உறையில் வரிசையாக இருக்கும். இதை ஐயாவுக்குக் காட்டியபோது, இந்த நான்கு மாதத்தில் முதன்முறையாகக் கணினியைப் பார்த்துச் சிரித்தார்.

அச்சுப் பிரதி பார்வைக்கு வந்தபோது மூவரும் ஏற்காட்டில் ஒன்றாக உட்கார்ந்தோம். நேராக அட்டவணைக்குத்தான் போனேன். கொன்றை ஒழுங்காக இருந்தது, கொம்பும் காலும் அதனதன் இடத்தில். சமன்பாட்டு எண்கள் சரி, படங்கள் சரி. ஐயா முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஆசிரியர் பெயர் வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, எனக்கு இரண்டு தலைப்பெழுத்து. இங்கே ஒன்றுதான் இருக்கிறது."

எடுத்துப் பார்த்தேன். முதல் வரைவிலிருந்தே ஒன்றுதான் இருந்தது. அடித்தது நான்.