பிக்கப் முன்கண்ணாடியும் டிப்பர் கல்லும்: சிப், விரிசல், கிளைம் என்று பட்ட பாடு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்கு வண்டி விடுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், டயரைவிட முன்கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். எங்களிடம் ரெண்டு பொலேரோ பிக்கப். பொள்ளாச்சி தாண்டி நாங்கள் போகிற அதே ரோட்டில்தான் கிணத்துக்கடவு பக்கத்து குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களும் போகின்றன. ரெண்டு வண்டியிலும் சிப், அதாவது கல் பட்டுக் கண்ணாடியில் விழும் சின்னக் குழி, விழாத வருஷமே கிடையாது. சில வருஷம் ஒன்றுக்கு மேலேயே விழும்.

காருக்கு இவ்வளவு அடி விழுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. கார் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும், கல் பட்டாலும் பாதி நேரம் வழுக்கி மேலே போய்விடும். பிக்கப் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் வருகிற கல்லின் முழு வேகத்தையும் வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று, தார்ப்பாய் கட்டாத டிப்பரிலிருந்து கல் கொட்டித்தான் கண்ணாடி போகிறது என்று எல்லோரும் திட்டுகிறோம். கொட்டுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் ரோட்டில் கிடக்கும் பொடி ஜல்லியை முன்னால் போகிறவனின் பின்சக்கரம்தான் எடுத்து வீசுகிறது. இரட்டை டயர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ரெண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டிக்கொண்டு எப்போது விடுபடும் என்றே தெரியாது. எதிரே வருகிற வண்டி வீசினால் அவன் வேகமும் நம் வேகமும் சேர்ந்து அடிக்கும். நாலு வழிச்சாலை வேலை நடக்கும் இடத்தில் டிப்பரே தேவையில்லை, முன்னால் போகிற பஸ் போதும். அதனால் டிப்பரைக் கண்டால் ஒட்டாதே, ஒன்று தள்ளிப் போ, இல்லையென்றால் ஒரேயடியாகத் தாண்டிப் போ என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

சிப் விழுந்தால் முதல் வேலை, துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு அதன் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுவதுதான். முன்கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி இல்லை. ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். சின்னக் கல் வெளித்தகட்டை மட்டும்தான் உடைக்கும். அந்தக் குழிக்குள் தண்ணீரும் தூசியும் போய்விட்டால் பிறகு எவ்வளவு நல்ல பசை விட்டாலும் பிடிக்காது. நெயில் பாலிஷ் வை, ஃபெவிக்விக் விடு என்று ஸ்டாண்டில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள், கேட்காதீர்கள். குழியை அது அடைத்துக்கொண்டால் கிளாஸ்காரரின் பசை உள்ளே இறங்க வழியில்லை.

எங்களுக்குச் சிப் அடைக்கிறவர் பொள்ளாச்சியில் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி கிண்ணி பட்டுச்சுங்களா?" என்பதுதான். டேப்பைப் பிரித்து, ஊசி முனையால் குழியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகளைக் கிளறி எடுப்பார். அப்புறம் ரப்பர் கப் வைத்த ஒரு சின்ன ஸ்டாண்டைக் கண்ணாடியில் ஒட்டி, திருகைத் திருகி உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, அந்த இடத்தில் பசையை இறக்குவார். வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி வெள்ளையாகத் தெரிந்த கால்கள் ஒவ்வொன்றாக மறையும். மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி யுவி விளக்கைக் காட்டி இறுக வைத்து, பிளேடால் வழித்து விட்டால் முடிந்தது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை ஆகிவிடும். லேசாக ஒரு புள்ளி தெரியத்தான் செய்யும், வாங்கின கண்ணாடி மாதிரி ஆகாது. விரிசல் மேலே ஓடாமல் நிற்கும், நமக்கு வேண்டியது அதுதான். ஐந்நூறு, அறுநூறு வாங்குவார். நாணயத்தைவிடப் பெரிய சிப், ஓரத்தை ஒட்டிய சிப், டிரைவர் கண்ணுக்கு நேராக வந்த சிப், இது மூன்றையும் அவர் தொடமாட்டார். "காசு வாங்கிட்டு உங்ககிட்ட பேச்சு வாங்கோணுமாங்க" என்று அனுப்பிவிடுவார்.

பழைய வண்டியில் ஓரத்தை ஒட்டித்தான் விழுந்தது. தக்காளி லோடோடு போகும்போது ஒரு குழியில் இறங்கி ஏறியதில் பாடி முறுக்கிக்கொள்ள, அந்தச் சிப்பிலிருந்து கோடு கிளம்பி, டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைப்பர் வரைக்கும் ஓடிவிட்டது. அப்படி ஓடின பிறகு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விரிசலோடு எஃப்சிக்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழுக்கு, கொண்டுபோனால் மாற்றிவிட்டு வா என்பார்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது.

இன்சூரன்ஸில் கிளைம் போடலாமா வேண்டாமா என்பதை உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானம் என்று, அதாவது பழசாகிவிட்டது என்று, பணம் பிடிக்கமாட்டார்கள், இது நல்ல விஷயம். ஆனால் கிளைம் எடுத்தால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷத்துக்கு ஒரு படி ஏறுகிறது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் 45% கிடைக்கவேண்டிய வண்டி என்றால் 4,050 போச்சு. அதற்கடுத்த வருஷம் 50 கிடைக்கவேண்டிய இடத்தில் 20தான், அதில் இன்னொரு 2,700. ரெண்டு வருஷத்தில் 6,750. கண்ணாடியும் கூலியும் சேர்த்தே ஆறாயிரத்துப் பக்கம்தான் வருகிறது, அதிலும் கட்டாயப் பிடித்தம் ஒன்று நம் தலையில் விழும். புது வண்டிக்கு இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கைக்காசு போட்டே மாற்றினேன். பழைய வண்டி கதை வேறு. அந்தப் பாலிசி வருஷத்தில் ஏற்கெனவே பம்பருக்கு ஒரு கிளைம் எடுத்தாகிவிட்டது, போனஸ் எப்படியும் பூஜ்யம். அப்புறம் கண்ணாடிக்கு எடுக்காமல் விடுவானேன்?

கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே இன்சூரன்ஸுக்குப் போன் போட்டு கிளைம் நம்பர் வாங்கிவிடவேண்டும். கழற்றிவிட்டுச் சொன்னால், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் அனுப்புகிற சர்வேயர் எதைப் பார்ப்பார்? ஆர்சி, எஃப்சி, பாலிசி, அன்று ஓட்டியவரின் லைசென்ஸ், எல்லாம் தேதி உயிரோடு இருக்கவேண்டும். வந்த சர்வேயர் பேசியதைவிட விரிசல் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்ததுதான் அதிகம். கோட்டுக்குள் கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தால் பழைய விரிசல் என்று கேள்வி வரும். எங்களுடையது வெள்ளையாகவே இருந்தது, பிழைத்தோம். பணம் வந்தபோது பார்த்தால் பில்லில் கண்ணாடி முழுசாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது, கண்ணாடியைச் சுற்றி மாட்டும் பீடிங் ரப்பருக்குப் பாதிதான், ரப்பர் பிளாஸ்டிக்குக்கு அவர்கள் கணக்கு அப்படி. ஒரு கிளீனிங் சார்ஜையும் தரமுடியாது என்று அடித்துவிட்டார்கள், எனக்கு அது இன்னும் கடுப்புதான்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று கண்ணாடி மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லேமினேட்டட் என்று எழுதியிருக்கவேண்டும். பீடிங் போட்டு மாட்டுகிற வண்டியை உடனே எடுத்துக்கொண்டு போகலாம். பசை வைத்து ஒட்டுகிற வண்டி என்றால் அவர்கள் சொல்லுகிற நேரம் வரை அசைக்கக் கூடாது, லோடுக்கு அவசரம் என்று பறந்தால் மழைக்கு ஒழுகும்.

கடைசியாக ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போய்விடும், உரித்து ஒட்டலாம் என்று பார்த்தால் கிழிந்துவிடும், அப்படிக் கிழிவதற்கென்றே செய்தது அது. கண்ணாடிக்கு நாள் குறித்தவுடனேயே டேக் கொடுத்த பேங்க்கில் மாற்று டேக்குக்குச் சொல்லிவிடுங்கள். டேக் இல்லாமல் எர்ணாகுளம் லோடு போனால் பன்னியங்கரை, பாலியேக்கரை ரெண்டு டோலிலும் கூடுதல் கட்டணம் அழவேண்டும், அந்தப் பணத்தைக் காய்க்கடைக்காரர் தரமாட்டார்.